மாசிலாமணியின் கடைசிக் கூட்டம்

அத்தியாயம் 14

ஜெஸ்ஸியின் கைப்பையில் அந்தக் கடிதம் கிடப்பது இன்றோடு பதினோரு நாள். அதைப் பிரித்துப் படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, கவரில் போட்டு ஒட்டியதே அவள்தான். கவரின் மேல் அவள் நைனாவின் பெயர் இருந்தது.

போன வாரம் அம்மா மேரி பொன்னேரிக்குப் போய் நைனாவுக்கு வெள்ளைச் சட்டை வாங்கி வந்தாளே, அன்றைக்கே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நைனா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "சோக்கா கீதா?" என்று கேட்டபோதும், "சூப்பரா கீது நைனா" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் புகுந்துகொண்டாள்.

இன்று பதினோரு மணிக்குக் கூட்டம். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

பழவேற்காடு பஜாரில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது அலைக்குறி அறக்கட்டளை. லாபத்துக்கு நடத்துவது அல்ல. ஏரியில் உப்பு எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றெல்லாம் கருவி வைத்து அளந்து, மீன்பிடிக்கப் போகிறவர்களின் போனுக்குக் குரலாக அனுப்பிவைக்கும். ஜெஸ்ஸிக்கு அங்கே அலுவலக உதவியாளர் வேலை. அறக்கட்டளைக்கு எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைக் குழு உண்டு. அதில் பசியாவரம் தீவுக்காக உட்காருபவர் அவள் நைனா மாசிலாமணி.

அவர் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மகன் ஃபெலிக்ஸ் போனான். கூடப் போன ஊர்ப் பையன் ஸ்டீபன் நீந்திக் கரையேறிவிட்டான். ஃபெலிக்ஸ் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கினான். அதற்குப் பிறகு மாசிலாமணி நாற்பது நாள் யாரோடும் பேசவில்லை, வலையைத் தொடவில்லை. அப்போதுதான் அறக்கட்டளைச் செயலாளர் ஹேமாவதி வீடு தேடி வந்து, "ஐயா, தினமும் முகத்துவாரத்தை அளந்து சொல்ல உங்க ஊர்ல ஒருத்தர் வேணும். குழுவிலயும் உக்காரணும்" என்று கேட்டாள். மறுநாள் விடியும்போது மாசிலாமணி மூங்கில் கழியில் சிவப்புப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. ஸ்டீபனோடு மட்டும் பேசுவதில்லை, இன்று வரைக்கும்.

போன வருடம் குழுவுக்குப் புது விதி வந்தது. ஒரு தவணை மூன்று வருடம். ஒருவர் இரண்டு தவணைதான் உறுப்பினராக இருக்கலாம். அதற்குப் பிறகு மறுபடி நியமனம் கிடையாது. காலம் முழுக்க ஒரே முகங்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று பணம் தருபவர்கள் கேட்டார்களாம். நியாயம்தான். குழுவில் ஒரு பேராசிரியர் இருந்தார், ஆறு வருடத்தில் நான்கு கூட்டத்துக்கு வந்தவர். அப்படிப்பட்டவர்களை மரியாதையாக வழியனுப்பத்தான் அந்த விதி.

விதியைத் தமிழில் எழுதிக் குழுவின் சபையில் படித்தது ஜெஸ்ஸி. படித்து முடித்ததும் முதல் ஆளாகக் கை தூக்கினார் மாசிலாமணி. "ரொம்ப நல்லதும்மா! எங்க ஊர்ல பாடு எப்புடியோ, அப்புடியே கீது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பாடு என்பது ஏரியில் வலை போடும் முறை. நல்ல மீன் விழும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். முறை முடிந்தவன் வலையை எடுத்துக்கொண்டு வாய் பேசாமல் விலகிவிட வேண்டும். ஆனால் சுற்று முடிந்தால் அவன் முறை கட்டாயம் திரும்பி வரும். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். மாசிலாமணிக்குத் தெரிந்த விலகல் அது ஒன்றுதான். 'மறுபடி நியமனம் கிடையாது' என்ற வரி அவர் காதில் விழுந்தது. அதை அவர் ஒரு பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்.

அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று ஜெஸ்ஸிக்கு அந்த நிமிடமே தெரியும். சபையில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் சந்தோஷமாக இருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் ஒரு வருடமாகியும் வரவில்லை.

இன்று விடியற்காலையில் அவளும் நைனாவின் படகில் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு இம்மாம் காலைல?"

"சும்மாதான் நைனா. அப்புடியே பழவேற்காட்டுல எறக்கி உட்டுடு."

முகத்துவாரத்தில் இன்ஜினை அணைத்தார். கழியைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கினார். எடுத்துப் பார்த்தார். நாலு அடி தள்ளி மறுபடியும் இறக்கினார். ஒரு தடவை இறக்கினால் போதும் என்று அறக்கட்டளையில் சொல்லியிருக்கிறார்கள். இவர் ஒன்பது தடவை இறக்குவார்.

"அடுத்த ஆளு தங்கவேலாத்தான் இருக்கும்" என்றார் தண்ணீரைப் பார்த்தபடி. "நல்லவன். தூக்கம் மட்டும்தான் ஜாஸ்தி. மூணு வருசம் ஓட்டிடுவான். அப்பால நம்ம முறை வந்துடும். அதுக்குள்ள நீ அந்தக் கருவிங்களப் பத்திச் சொல்லிக் குடு ஜெஸ்ஸிம்மா. அடுத்த தபா போகச் சொல்ல நைனா ஒண்ணும் தெரியாதவனா போவக் கூடாது."

ஜெஸ்ஸி அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "நைனா, ஒரு விஷயம்..."

"இரு, ஆறு மணி ஆவுது. ஜனம் காத்துகினு இருக்கும்."

போனை வாயருகே பிடித்தார். "மாசிலாமணி பேசறேன். முகத்துவாரத்துல தண்ணி மூணு முழம். தெக்கால மண்ணு ஏறிக்கீது. பெரிய படகுங்க வராதீங்க. சின்னது வடக்கு ஓரமா வாங்க. அவசரப்படாதீங்க, ஊட்ல புள்ளைங்க கீது."

கடைசி வரி அறக்கட்டளை எழுதிக் கொடுத்தது இல்லை. முதல் வருடம் அதை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் போன் போட்டுச் சண்டைக்கு வந்தார்கள். அதிலிருந்து வெட்டுவதில்லை.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். "இன்னாவோ சொல்ல வந்தியே?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "ஒண்ணியும் இல்ல நைனா. கூட்டத்துக்குச் சட்டக் கைய மடிச்சு உட்டுகினு வராத. நீட்டா போட்டுகினு வா."

கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு பழவேற்காட்டில் இறங்கினாள்.

பத்தரை மணிக்கு ஹேமாவதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். "நைனாகிட்ட லெட்டரைக் கொடுத்துட்டே இல்ல? எப்படி எடுத்துக்கிட்டார்?"

"ம்... பரவால்ல மேடம்."

பொய் எவ்வளவு லேசாக வந்துவிட்டது! ஜெஸ்ஸிக்கே பயமாக இருந்தது.

பதினோரு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பேராசிரியர் மட்டும் வீடியோவில் வந்தார், அதுவும் பாதி முகத்தோடு. மாசிலாமணி புதுச் சட்டையில், கையை மடிக்காமல், முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பசியாவரம் ஊர்க் கூட்டத்திலிருந்து தங்கவேல் ஒரு ஒட்டிய கவரோடு வந்து கதவோரமாக நின்றார்.

ஹேமாவதி நல்லபடியாகப் பேசினாள். ஆறு வருடத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் காலைகள், ஒரு நாள்கூட விடுபடவில்லை என்றாள். சால்வையை விரித்தாள்.

மாசிலாமணி சிரித்துக்கொண்டே கையை நீட்டித் தடுத்தார். "சால்வை எதுக்கும்மா? மூணு வருசத்துல திரும்பி வரப்போறவனுக்குப் போயி!"

யாரும் சிரிக்கவில்லை. ஹேமாவதி சால்வையைப் பிடித்தபடியே ஜெஸ்ஸியைப் பார்த்தாள். ஜெஸ்ஸி தரையைப் பார்த்தாள்.

"ஐயா..." ஹேமாவதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "திரும்பி வர முடியாதுங்க ஐயா. இது ஒரேடியா முடியுது. ரெண்டு தவணை ஆயிடுச்சுன்னா அப்புறம் எப்பவுமே கிடையாது. விதி அப்படி."

"எப்பவுமேன்னா?"

"எப்பவுமே."

மாசிலாமணி மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அப்போ காலைல அளக்கறது?"

"அது புது உறுப்பினர் பொறுப்புங்க ஐயா. குரல் அவங்களோடதா இருக்கணும்."

வீடியோவிலிருந்து பேராசிரியர், "நானும்தானே போகிறேன் மாசிலாமணி, வருத்தப்படாதீர்கள்" என்றார். அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

தங்கவேலுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், இவருக்கு மட்டும் ஒரு தபா பாத்து..."

"தங்கவேலு, சும்மா இரு" என்றார் மாசிலாமணி. குரல் உயரவில்லை. "கை தூக்கினவன் நானு. பாடு முடிஞ்சவன் தண்ணில நிக்கக் கூடாது."

பிறகுதான் அவர் மகளைத் தேடினார். சுவரோரமாக, பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"படிச்சது நீதானே ஜெஸ்ஸி?"

"ஆமா நைனா."

"நான் தப்பாப் புரிஞ்சுகினது உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு வினாடி இருந்தது. இந்த முறை வாய் வரவில்லை. "தெரியும் நைனா."

"எப்பத்திலேருந்து?"

"அன்னிக்கே."

அவர் தலையை ஆட்டினார். ஏதோ கணக்கு சரியாக வந்ததுபோல மெதுவாக ஆட்டினார். அதற்குப் பிறகு அவள் பக்கம் பார்க்கவில்லை. அடித்திருந்தால்கூட ஜெஸ்ஸி தாங்கியிருப்பாள்.

ஹேமாவதி தங்கவேலின் கவரைப் பிரித்தாள். ஊர்க் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி எடுத்த பெயர் அதில் இருந்தது. அவள் படித்தாள். "திரு. ஸ்டீபன், பசியாவரம்."

ஜெஸ்ஸி தங்கவேலைப் பார்த்தாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. மாசிலாமணியிடம் போய்ச் சொல்லும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. தங்கவேல் கதவைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். "சீட்டு அப்புடி உழுந்துடுச்சுண்ணே. நாங்க இன்னா பண்றது? அவன் வேணாம்னுதான் அழுதான். கீழதான் நிக்கறான். மேல வரமாட்டேன்றான்."

பாடு முறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. முறை முடிந்தவன் அடுத்தவனைத் தன் படகில் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்ட வேண்டும். எங்கே சேறு, எங்கே வலையைக் கிழிக்கும் கட்டை, எங்கே நீரோட்டம் இழுக்கும் என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டுத்தான் விலக வேண்டும். வெட்டு குத்து நடந்த வீடுகளுக்கிடையேகூட இதை யாரும் மறுத்ததில்லை. காட்டாமல் விட்டவனுக்கு அடுத்த சுற்றில் சீட்டே கிடையாது.

மாசிலாமணிக்கு இனி அடுத்த சுற்றே இல்லை. காட்டாமல் விட்டால் அவருக்கு என்ன நஷ்டம்? சபையில் இருந்த எல்லோருக்கும் அது தோன்றியிருக்கும்.

அவர் எழுந்து மாடிப்படி இறங்கினார். ஜெஸ்ஸி பின்னாலேயே ஓடினாள். மருந்துக் கடை ஓரத்தில், வெயிலில், ஸ்டீபன் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்காது. ஆனால் தலையில் பாதி நரைத்துவிட்டது. அவரைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான்.

"பெரிப்பா, நான் கேக்கல பெரிப்பா. சத்தியமா நான் கேக்கல."

"வா" என்றார் மாசிலாமணி.

ஆறு வருடத்தில் அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஸ்டீபனுக்குக் கண் கலங்கிவிட்டது.

படகுத்துறை வரைக்கும் ஜெஸ்ஸி கூடவே நடந்தாள். "நானும் வரேன் நைனா. ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளு." அவர் கயிற்றை அவிழ்த்தார். ஸ்டீபன் ஏறினான். படகு கிளம்பிவிட்டது. அவள் நின்ற இடத்தில் யாருமே நிற்காததுபோல அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அடுத்த படகில் பசியாவரம் வந்து சேர்ந்தாள். அம்மா இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தங்கவேலிடமிருந்து போன் ஏற்கெனவே வந்திருந்தது.

"ஏண்டி, சோறுதானே துன்ற?" என்று ஆரம்பித்தாள் மேரி. "அந்த மனுசன் உசுரோட கீறதே அந்தக் கழியப் புடிச்சுகினுதான்னு உனக்குத் தெரியாதா? ஒரு வருசமா வாயில இன்னா வச்சிருந்த?"

"சொன்னா ஒடஞ்சிடுவாருன்னுதாம்மா..."

"இப்ப ஒடையலயா? எட்டுப் பேரு முன்னாடி, புதுச் சட்டயப் போட்டுகினு ஒடஞ்சாரு. ஊட்ல ஒடஞ்சிருந்தா நான் புடிச்சிருப்பேன்."

அம்மா சொன்னது முழுக்க உண்மை. ஜெஸ்ஸி நைனாவைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவர் முகத்தைப் பார்க்கும் கஷ்டத்திலிருந்து தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அழுகை வந்தது. அழுவதற்கும் வெட்கமாக இருந்தது.

இரண்டு பேரும் கரையில் போய் நின்றார்கள். முகத்துவாரத்தின் பக்கம் படகு சின்னதாகத் தெரிந்தது. கழி இறங்குவதும் ஏறுவதும் தெரிந்தது. முதலில் நைனா இறக்கினார். பிறகு ஸ்டீபன் இறக்கினான். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று.

பிறகு படகு வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஏரிக்குள் வடக்கே போனது.

"அங்க இன்னாத்துக்குப் போறாங்க?" என்றாள் மேரி. "அங்க காட்டறதுக்கு ஒண்ணியும் இல்லியே."

வடக்கு மணல் திட்டின் அருகே படகு நின்றது. கழி இறங்கவே இல்லை. நாரைகள் சில எழும்பிப் பறந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி உட்கார்ந்தன. படகில் இருந்த இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். மேரி ஜெஸ்ஸியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் நகம் பதிந்தது. ஜெஸ்ஸி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாலரை மணிக்குப் படகு கரை வந்தது. ஸ்டீபன் இறங்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படகின் முன்பக்கம், அணியத்திலேயே உட்கார்ந்திருந்தான். மாசிலாமணி மட்டும் இறங்கி வந்து மேரியின் எதிரே நின்றார். புதுச் சட்டை முழுக்க உப்புத் தண்ணீர்.

"காட்டிட்டேன் மேரி. தெக்கு மேடு, கல்லு, பொதைஞ்ச படகு, எல்லாத்தையும் காட்டிட்டேன். நாளைலேருந்து அவன் பேசுவான்."

"சரிங்க. வாங்க, வந்து ரெண்டு வாய் சாப்புடுங்க."

"எல்லாம் முடிஞ்சப்புறம் அவன் எனக்கு ஒரு எடம் காட்டினான்."

மேரி படகில் இருந்தவனைப் பார்த்தாள்.

"நம்ம ஃபெலிக்ஸு முகத்துவாரத்துல போவல மேரி. வடக்குத் திட்டாண்டதான் போயிருக்கான். இவன் பயந்துகினு ஊர்ல மாத்திச் சொல்லிட்டான். ஆறு வருசமா நான் அளந்துகினு கெடந்தது அந்த எடமே இல்ல."

மேரி அலறிவிட்டாள். "அங்க இடுப்பளவு தண்ணிதாங்க! சின்னப் புள்ள நிக்கும் அங்க! எம்புள்ள எப்புடிங்க அங்க..."

"அத்தத்தான் நானும் கேட்டேன். சொல்றேன்றான். ஆனா ஜெஸ்ஸியும் கேக்கணுமாம். எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒக்கார வச்சாத்தான் சொல்லுவானாம்."

அண்ணன் போன அன்று ஜெஸ்ஸி சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்கும் இதற்கும் என்ன? படகில் இருந்த ஸ்டீபனைப் பார்த்தாள். அவன் துண்டை விலக்கி, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நைனா, இப்பவே கேக்கலாம் நைனா. இங்கயே ஒக்காரலாம். எனக்கு ஒண்ணியும் தெரியாது, சத்தியமா தெரியாது. அவர எறங்கச் சொல்லு நைனா."

மாசிலாமணி அவள் பக்கம் திரும்பவில்லை. மேரியிடமே பேசினார். ஆறு வருடமாக ஸ்டீபனைப் பற்றி எந்தக் குரலில் பேசுவாரோ, அதே குரலில் பேசினார்.

"உம் பொண்ணாண்ட சொல்லிடு மேரி. அவ கீற எடத்துல நான் ஒக்கார மாட்டேன்."

"ஏங்க!" மேரி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எம்புள்ள எப்புடிச் செத்தான்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"

ஆறு வருடமாக அந்த ஒரு கேள்வியோடு படுத்து, அந்த ஒரு கேள்வியோடு எழுந்த மனிதர் அவர். மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டார்.

"வேணாம்" என்றார்.